ஒரு நாளுக்கு 9,500 ரூபாய்: செமினரிக்குக் காணிக்கை கேட்கப் போகிறவர்களுக்கு

முதல் தடவை நான் செமினரிக்காக, அதாவது ஆயர்களைப் படிக்கவைக்கும் எங்கள் கல்லூரிக்காக, காணிக்கை கேட்கப் போனது ஆம்பூருக்கு. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீடு. கலர் பிரசுரம், பிரின்சிபால் ஐயா கையெழுத்துப் போட்ட கடிதம், ரசீதுப் புத்தகம் எல்லாம் பையில் இருந்தன. அவர் பிரசுரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு பையன் அங்க ஒரு வருஷம் படிக்க எவ்ளோம்மா ஆவுது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் பேங்கில் கணக்குப் பார்த்தவள் நான். "நிறைய ஆகுதுங்கய்யா" என்றேன். காபி கொடுத்தார், ஐந்நூறு ரூபாய் கொடுத்தார், வாசல் வரை வந்து வழியனுப்பினார். காட்பாடி திரும்பும் ரயிலில்தான் உறைத்தது. அந்த ஐந்நூறு, வெயிலில் வந்த பொம்பளைக்கு மரியாதைக்காகக் கொடுத்தது. செமினரிக்கு அவர் ஒன்றும் கொடுக்கவில்லை.

அப்புறம் ஒன்பது வருடம் காணிக்கை திரட்டும் குழுவை நடத்தியிருக்கிறேன். எங்களுடையது சின்ன செமினரி, தமிழ் வழி, 38 மாணவர்கள். இப்போது வேறு இறையியல் கல்லூரிகளிலிருந்தும் வேதாகமப் பள்ளிகளிலிருந்தும் போன் போட்டு, "எப்படிக்கா செஞ்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓட்டை எவ்வளவு?

வெளியே கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் அலுவலகத்தில் உட்காருங்கள். போன வருடத்துச் செலவு முழுவதையும் எழுதுங்கள். அரிசி, காஸ், கரண்ட், ஆசிரியர் சம்பளம், லைப்ரரி, செப்டிக் டேங்க் லாரி, ஒன்றையும் விடாதீர்கள். எங்களுக்கு 57 லட்சம் வந்தது. 38ஆல் வகுத்தால் ஒரு மாணவருக்கு ஒன்றரை லட்சம். அதில் மாணவர் கட்டுவது 30,000. அனுப்பிவைக்கும் சபை தருவது 45,000. மீதி 75,000 ரூபாய்க்கு ஆளில்லை. 38 பேருக்கு 28 லட்சத்து 50 ஆயிரம். அதுதான் ஓட்டை.

இந்தத் தொகையை அப்படியே கொண்டுபோய் ஒரு வீட்டில் வைத்தால் பயந்துவிடுவார்கள், அல்லது "இவ்ளோ பணத்துக்கு நாம குடுக்குறது எம்மாத்திரம்" என்று விட்டுவிடுவார்கள். நாங்கள் வருடத்தில் 300 நாள் நடத்துகிறோம். 28.5 லட்சத்தை 300ஆல் வகுத்தேன். 9,500. ஒரு நாள் செமினரி நடக்க வெளியிலிருந்து வரவேண்டிய பணம் 9,500 ரூபாய். தனியாக முடியாவிட்டால் ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு 250.

ஏன் சாப்பாட்டை மட்டும் கேட்கக்கூடாது என்று எங்கள் குழுவிலேயே சண்டை வந்தது. மாணவர்களும் சமையல்காரர்களும் சேர்த்து 40 பேர், ஆளுக்கு 90 ரூபாய், ஒரு நாள் சாப்பாடு 3,600. கேட்டால் உடனே கிடைக்கும். பிறந்த நாள், கல்யாண நாள், அப்பா இறந்த நாள் என்று ஜனங்கள் சாப்பாடு போட ஓடி வருவார்கள். நம் ஊரில் அன்னம் போடுவது யாருக்கும் விளக்க வேண்டாத புண்ணியம். ஆனால் எபிரெயு வாத்தியார் சம்பளத்துக்கு யார் பிறந்த நாள் கொண்டாடுவார்? சாப்பாட்டை மட்டும் கேட்ட வருடம் பிரியாணி ஆறு தடவை போட்டோம், சம்பளம் இரண்டு மாதம் பாக்கி. அதிலிருந்து "ஒரு நாள்" என்றுதான் கேட்பது. அந்த 9,500இல் இட்லியும் உண்டு, எபிரெயுவும் உண்டு, செப்டிக் டேங்க் லாரியும் உண்டு.

சாப்பாட்டு அறைச் சுவரில் 300 கட்டம் போட்ட பெரிய காலண்டர் மாட்டினோம். யார் ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் அந்தக் கட்டத்தில் பெயர். காலை ஜெபத்தில் அந்தப் பெயரை மாணவர் ஒருவர் வாசிப்பார். முதல் வருடம் 71 கட்டம் நிரம்பியது. காலியாக இருந்த நாட்களில் சமையல்காரம்மா, "இன்னிக்கி யாரும் இல்லியா, சரி, இன்னிக்கி கர்த்தரே" என்று சொல்லிவிட்டு உப்புமாவைக் கிளறுவார். போன வருடம் 212.

யாரிடம் போவது?

செமினரி என்றதும் கமிட்டியில் யாராவது ஒருவர் கட்டாயம், "அமெரிக்காவுல யாரையாவது பிடிக்கலாமே" என்பார். அது நம் ஊர் ரத்தத்தில் இருக்கிறது. 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் அமெரிக்கப் பணத்தில் வளர்ந்தது. பலமனேர் அப்போது வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. அங்கே மிஷன் நடத்திய இறையியல் பள்ளிக்கு மூலதனம், அதாவது வட்டியில் செலவை நடத்துவதற்கான பணம், திரட்டியவர் மிஷனரி ஜேக்கப் சேம்பர்லின், திரட்டியது அமெரிக்க சபைகளில். வேலூர் ஊரீசு கல்லூரிக்கு அந்தப் பெயர் வந்ததே நன்கொடையாளர் குடும்பத்தால்தான். நல்லது, மறுக்கவில்லை. ஆனால் தாத்தா காலத்து மணியார்டரை எதிர்பார்த்து இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியாது.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் கதையில் நான் எடுத்துக்கொள்வது வேறு ஒரு விஷயம். மருத்துவமனைக்காக 8,000 டாலர் வேண்டும் என்று அவர் ஒரு பெண்மணியிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம். பக்கத்து அறையில் இருந்த அந்த வீட்டுப் பெரியவர் ஷெல் காதில் அது விழுந்து, அவர் 10,000 டாலர் கொடுத்தார் என்று சொல்வார்கள். அவர் மனைவி பெயரில்தான் 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வேலூரில் திறந்தது. ஆகவே வீட்டுக்குப் போனால் ஹாலில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசுங்கள். எங்கள் பெரிய நன்கொடைகளில் இரண்டு, டிவி பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்த மருமகன்களிடமிருந்து வந்தவை.

உங்கள் பட்டியலில் முதலில் வர வேண்டியவர்கள் உங்களிடம் படித்துப்போன ஆயர்கள். அவர்களிடம் பணம் இருக்காது, ஆட்கள் இருப்பார்கள். ஆயரைக் கேட்காமல் அவர் சபை மக்கள் வீட்டுக்கு ஒருநாளும் போகாதீர்கள். சபைக் காணிக்கை குறைந்துவிடுமோ என்று அவர் பயப்படுவது நியாயமான பயம். அறுப்பின் பண்டிகை நெருங்கும் மாதத்தில் அந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது. சபைக்குச் சபை மாதம் மாறும், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருமுறை சும்மா போய், அந்தப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்தைப் பாருங்கள். ஒரே பூசணிக்காய் மூன்று தடவை ஏலம் போகும். எடுத்தவர் திரும்பச் சபைக்கே கொடுப்பார், மறுபடியும் கூவுவார்கள். கடையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் காயை இரண்டாயிரத்துக்கு எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிற ஜனங்கள் இவர்கள். நம் ஆட்கள் கொடுக்க மாட்டார்கள் என்று கமிட்டியில் யாராவது சொன்னால் அந்த ஏலத்துக்குக் கூட்டிப்போங்கள்.

அடுத்து ஓய்வூதியக்காரர்கள். அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர்கள். ராணிப்பேட்டை பெல் ஆலையில் இருந்தவர்கள். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். சிஎம்சியில் வேலை பார்த்த நர்சம்மாக்கள். மாதம் 250 ரூபாய் என்று இவர்கள் ஒருமுறை ஒத்துக்கொண்டால் சாகும்வரை மாறாது. ஜூன் மாதம் போகாதீர்கள், பேரப்பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ். டிசம்பரும் வேண்டாம். பொங்கல் கழிந்து லெந்து என்ற தவக்காலம் தொடங்கும்வரை உள்ள நாட்கள்தான் எங்களுக்கு நல்ல நாட்கள்.

பிடி அரிசியைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆரணி பக்கம் மூன்று கிராமத்துப் பெண்கள் சங்கங்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, மாதம் ஒருமுறை மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். ரேஷன் அரிசியும் பொன்னியும் கலந்திருக்கும், வேகும் நேரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. சமையல்காரம்மா திட்டிக்கொண்டே இட்லிக்கு ஊறப்போடுவார். ஆனால் அந்தக் கிராமங்களிலிருந்துதான் இப்போது நான்கு மாணவர்கள் படிக்கிறார்கள். தான் அரிசி போடும் இடத்துக்குத்தான் பிள்ளையையும் அனுப்புவார்கள்.

வீட்டுக்குப் போனால்

முதல் தடவை போகும்போது கேட்காதீர்கள். பிரசுரமும் வேண்டாம், ரசீதுப் புத்தகமும் வேண்டாம். அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள். எந்த ஆயர் ஞானஸ்நானம் கொடுத்தார், எந்த ஆயர் மனத்தை நோகடித்தார், முழங்கால் வலி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை. திரும்பியதும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை ஒரு மாணவரைக் கூட்டிப்போங்கள், ஜெபம் பண்ணிவிட்டு வரட்டும். மூன்றாம் தடவை கேளுங்கள். கேட்கும்போது தொகையைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

இந்த வாயை மூடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். பாகாயத்தில் ஓய்வு பெற்ற நர்சம்மா ஒருவர், எழுபத்திரண்டு வயது, தனியாக இருக்கிறார். பிரின்சிபால் ஐயாவும் நானும் போனோம். "சிஸ்டர், ஆகஸ்ட் மாசத்துல ஒரு வாரத்த நீங்க எடுத்துக்கணும்னு கேக்க வந்தோம். ஒரு நாளைக்கு 9,500, ஏழு நாளைக்கு 66,500" என்றேன். சொல்லிவிட்டு டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மேலே ஃபேன் கிரீச் கிரீச் என்று சுற்றியது. பத்து நொடி இருக்குமோ என்னவோ. பிரின்சிபால் ஐயாவால் தாங்க முடியவில்லை. "உங்களால முடிஞ்சத குடுங்கம்மா, போதும்" என்று சொல்லிவிட்டார். சிஸ்டர் எழுந்து உள்ளே போய் 5,000 ரூபாய் கொண்டுவந்தார்.

ஆறு மாதம் கழித்து அந்த அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் ஆகஸ்டுக்குள்ள எந்த எஃப்டி முடியுதுன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டிருந்தேன்மா. அதுக்குள்ள உங்க ஐயா தள்ளுபடி குடுத்துட்டாரு."

"முடிஞ்சத குடுங்க" என்பது நம் நாக்கில் தானாக வரும் வார்த்தை. பணிவு என்று நினைத்துச் சொல்கிறோம். கேட்கிறவர் காதில், "எங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை" என்று விழுகிறது. குழுவில் சேருகிற எல்லோருக்கும் நான் கொடுக்கும் முதல் பயிற்சி, தொகையைச் சொல்லிவிட்டு மனத்துக்குள் பரமண்டல ஜெபத்தை ஒரு தடவை முழுதாகச் சொல்வது. ஆமென் வரும்வரை பேசக்கூடாது.

பணம் வந்தால் மூன்று நாளுக்குள் ரசீது. கூடவே மாணவர் கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம். "நான் ஏழை, எனக்கு அப்பா இல்லை" என்றெல்லாம் எழுத விடாதீர்கள். இந்த வாரம் என்ன படித்தான், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிராமத்தில் பிரசங்கம் பண்ணினான், எங்கே தடுமாறினான் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு பையன், "வாக்கியத்தை மறந்துபோய் ஒரே பாட்டை இரண்டு தடவை பாடவைத்தேன்" என்று எழுதினான். அந்தக் கடிதத்தை ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

சட்டம்

இதில்தான் நல்ல மனிதர்கள் மாட்டுகிறார்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது, பிரிவு எண்கள் மாறிவிட்டன. எல்லோர் வாயிலும் பழைய எண்தான் இருப்பதால் அப்படியே சொல்கிறேன், புது எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"80ஜி உண்டா?" என்று கேட்பார்கள். நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் கழிவு தரும் பிரிவு அது. ஒரு மதத்தாருக்காக மட்டும் என்று அமைந்த அறக்கட்டளைக்கு 80ஜி கிடையாது. ஏற்கெனவே 80ஜி வைத்திருக்கும் அமைப்பும் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியங்களுக்குச் செலவிடக்கூடாது. எங்களுக்கு இல்லை. "இல்லைங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். தெரிந்த பள்ளிக்கூடத்து டிரஸ்டில் ரசீது போட்டுத் தருகிறோம் என்று சிலர் வழி சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. மூலதன நிதிக்கு என்று ஒருவர் கொடுத்தால், அது மூலதனத்துக்குத்தான் என்று அவர் கைப்படக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை ஆடிட்டில் நிற்காது.

வேலூரில் எல்லா வீட்டிலும் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், பாதிப்பேர் நர்ஸ். இங்கே ஒரே ஒரு கேள்வி: "பாஸ்போர்ட் எந்த நாட்டுது கண்ணு?" துபாயில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், கே.வி.குப்பத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவு வேண்டும். பணம் முதலில் டெல்லி எஸ்பிஐ பிரதானக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்தப் பதிவு இல்லாத செமினரி, "அம்மா கணக்குக்கு அனுப்புறேன், அம்மா உங்களுக்குக் குடுப்பாங்க" என்று சொல்லும் பிள்ளைக்கு நன்றி சொல்லி மறுக்க வேண்டும். எனக்கும் வயிறு எரியும்தான். மறுத்திருக்கிறேன்.

உயில் விஷயம் பலருக்குத் தெரியாது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவில், நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்மகாரியத்துக்கு எழுதும் உயில் சாவுக்கு 12 மாதம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று இருந்தது. ஜான் வள்ளமட்டம் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இருந்தும் பழைய ஆட்கள், "நம்ம ஜனங்க எழுதினா செல்லாதாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகப் பாய்ந்து வாங்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் எழுதிய வீட்டை நாங்கள் வாங்குவதில்லை. வாட்ஸ்அப் காலில் பிள்ளைகள் மூவரும் சரி சொன்ன பிறகுதான் வக்கீல்.

வாங்கக்கூடாத பணம்

ஒருவர் 3 லட்சத்துக்குக் காசோலை எழுதி மேசைமேல் வைத்துவிட்டு, "என் தங்கச்சி பையன் அப்ளிகேஷன் போட்டிருக்கான்" என்றார். காசோலையைத் திருப்பிக் கொடுத்தோம். பையன் தேர்வில் தேறவில்லை, அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. சபைத் தேர்தல் வருடத்தில் திடீரென்று செமினரிமேல் பாசம் பொங்கும் ஆட்களும் உண்டு. "தேர்தல் முடியட்டுங்கய்யா, சந்தோஷமா வாங்கிக்கிறோம்" என்று சொல்வேன். முடிந்த பிறகு ஒருவரும் வந்ததில்லை.

கல்வெட்டுக்காரர்கள் வேறு ரகம். அவர்களைத் துரத்த வேண்டாம். மனைவி பெயரைக் கல்லில் பார்க்க ஆசைப்படுவது பாவமா என்ன? ஆனால் எங்களுக்கு வேண்டியது இன்னொரு ஹால் இல்லை. "அம்மா பேரில் ஒரு ஆசிரியர் சம்பளத்துக்கு மூலதனம் வைங்க, கல்வெட்டை வகுப்பறை வாசலிலேயே பதிக்கிறோம்" என்று பேசி இரண்டு பேரைத் திருப்பினேன். ஒருவர் பிடிவாதமாகக் கட்டடம்தான் என்றார். அவருக்குக் கழிவறைகளைக் காட்டினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கட்டிக்கொடுத்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

குழு

கமிட்டி உறுப்பினர்கள் முதலில் கொடுக்க வேண்டும். அவர்கள் பெயர் காலண்டரில் ஏறாமல் வெளியே ஒரு வீட்டுக்கும் நான் போவதில்லை. முதல் வருடம் இதைச் சொன்னதற்கு ஒருவர் ராஜினாமா செய்தார், நல்லதாகப் போயிற்று. சதவீதத்துக்கு வசூல் பண்ணித் தருகிறேன் என்று வருகிறவரைச் சேர்க்காதீர்கள். எப்போதும் இரண்டு பேராகப் போங்கள், ரொக்கம் வாங்கினால் அங்கேயே எண்ணி ரசீது போடுங்கள், மறுநாள் பேங்கில் கட்டுங்கள். ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாள் கெட்டுப்போனால் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு உள்ளேயே வையுங்கள்.

இந்த வருடம் பொறுப்பை ஒரு தம்பியிடம் ஒப்படைக்கிறேன். எங்களிடமே படித்தவன். என் நோட்டை முழுவதும் எக்செல்லில் ஏற்றிவிட்டான், பாவம், என் கையெழுத்தோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினான். பெயர், ஊர், தொகை, ரசீது எண் எல்லாம் ஏற்றிவிட்டு, "இந்தக் கடைசிப் பத்தியில வெறும் தேதியா இருக்கே, இது எதுக்கு ஆன்ட்டி?" என்று கேட்டான். அது ஒன்றும் கேட்காமல் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்த நாட்கள். அதையும் ஏற்று என்றேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் பண்ணுகிற புதுக் குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போகிறான். கூட ஒரு மாணவனும் போகிறான். நேற்று பையைச் சரிபார்த்தேன். அடியில் ரசீதுப் புத்தகத்தைச் சொருகி வைத்திருந்தான். எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.